பூட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்

சீருடைப் பணியாளர் தேர்வு முடிவு வந்த மறுநாள் நம் காலனிகளின் முகப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் ஏறும். ஒரு மூலையில் அண்ணல் அம்பேத்கர், இன்னொரு மூலையில் குலசாமி, நடுவில் விறைப்பாக நிற்கும் ஓர் இளைஞர். காவல்துறை, தீயணைப்புத் துறை, சிறைத்துறை மூன்றுக்கும் சேர்த்தே தேர்வு நடக்கிறது. விடியற்காலையில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிப் பழகி, கயிறு ஏறி உள்ளங்கை உரிந்த பிள்ளைகளில் சிலருக்குச் சிறைக் காவலர் இடம் கிடைக்கிறது. போலீஸை நினைத்து எழுதி வார்டர் ஆனவர்கள் நிறைய. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற தகுதியும், பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத இடஒதுக்கீடும் சேர்ந்து திறந்துவிட்ட கதவு அது. அந்தக் கதவைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல.

ஆனால் ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்துக் கிழிந்து ஏழெட்டு வருடம் ஆன பிறகு, அந்த இளைஞர் எப்படி இருக்கிறார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, தங்கை கல்யாணம் முடிந்தது, காரை வீடு எழும்பியது. அப்புறம் என்ன கேள்வி? "பேசவே மாட்டேங்காவ. பிள்ளை பக்கத்துல போனா தள்ளிப் போங்காவ. டிவியப் போட்டுட்டு டிவியப் பாக்காம செவுத்தப் பாத்துட்டு இருக்காவ" என்று ஒரு காவலரின் மனைவி நம்மிடம் சொன்னார். வீட்டில் சண்டை இல்லை, கடன் தொல்லையும் பெரிதாக இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடம் உண்டாக்கும் நிலை என்கிறது. மூன்று அடையாளங்கள். உடம்பும் மனசும் வற்றிப்போவது. வேலையோடும் அங்குள்ள மனிதர்களோடும் ஒட்டுதல் அற்று எரிச்சலும் ஏளனமும் மட்டும் மிஞ்சுவது. என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம் வேரூன்றுவது. பணிச்சோர்வு என்று தமிழில் எழுதுகிறோம். சோர்வு என்ற சொல் இதற்குப் போதாது. தூங்கி எழுந்தால் சோர்வு போய்விடும். நம் ஊரில் சொல்லும் 'மரத்துப் போச்சு' என்பதுதான் இதற்குக் கிட்டத்தில் வருகிறது.

வார்டரின் ஒரு நாளைப் பார்த்தால் மரத்துப் போவதன் காரணம் விளங்கும். வாசலில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு, சோதனைக்கு நின்றுவிட்டு உள்ளே போக வேண்டும். அதன்பிறகு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தகவல் வராது. காலையில் பிளாக்கைத் திறந்து எண்ண வேண்டும், மாலையில் எண்ணிப் பூட்ட வேண்டும். கணக்கு ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்கு நகர முடியாது. துப்பாக்கி கோபுரத்திலும் வெளியிலும்தான். உள்ளே நடமாடுபவரின் கையில் லத்தி மட்டும். அவரைச் சுற்றி நூறு பேர் இருக்கலாம். அந்த நூறு பேர் நினைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அடிதடி நடக்காத நாளில்கூட உடம்பு அடிதடிக்குத் தயாராகவே நிற்கும். அந்த விறைப்பை வாசலில் கழற்றி வைக்க முடிவதில்லை, வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது.

ஆள் பற்றாக்குறை இதன்மேல் ஏறுகிறது. 2022-ம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். அதே கணக்கில், சிறைப் பணியிடங்களில் சுமார் 30 சதவீதம் காலி. தமிழ்நாட்டில் மொத்தக் கணக்கில் அத்தனை நெரிசல் இல்லை என்பது உண்மை. ஆனால் மாநிலத்தின் கணக்கு வேறு, இரவுப் பாராவில் ஒற்றை ஆளாக நிற்பவரின் கணக்கு வேறு. 2016-ம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்கிறது. மூன்று ஷிப்டு, விடுப்பு, வாசல், கோபுரம், அலுவலகம் என்று பிரித்துப் போட்டால் அந்த ஆறு பல மடங்காகிவிடும். இதற்கிடையில் அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களைப் பயன்படுத்துவதாக எழுந்த புகாரை விசாரிக்கும்படி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. காய்கறி வாங்கப் போனவரின் பிளாக்கையும் சேர்த்து இன்னொருவர்தானே பார்த்திருக்க வேண்டும்?

இவை எல்லாச் சாதிக் காவலருக்கும் பொது. நம் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் உண்டு.

தென்மாவட்டங்களில் ஊர்ச் சண்டை வெளியே முடிவதில்லை. வழக்கோடு சேர்ந்து சிறைக்குள்ளும் வருகிறது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைப்பதை எதிர்த்து ஒரு வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மோதலைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்ற அரசின் விளக்கம் அன்று ஏற்கப்பட்டது. 2021 ஏப்ரலில் அதே சிறையில் ஒரு விசாரணைக் கைதி சக கைதிகளால் கொல்லப்பட்டார். நம் சமூகத்து இளைஞர். சிறைப் பணியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் ஆனார்கள். பிரித்து வைத்தும் மோதல் நிற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு சொன்னது. சாதியைப் பார்த்து வேலை கொடுப்பதும், சாதியைப் பார்த்துப் பிரித்து வைப்பதும் அரசியலமைப்புக்கு எதிரானவை. பதிவேடுகளில் சாதிக் கலமே இருக்கக் கூடாது. கழிவறை சுத்தம் செய்ய இன்ன சாதி, சமைக்க இன்ன சாதி என்ற பழைய கையேட்டு விதிகள் செல்லாமல் போயின. பாளையங்கோட்டை பற்றிய பழைய தீர்ப்பின் நிலைப்பாட்டையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்குச் சாதிப் பிரிவினை வழியல்ல என்று தெளிவாகச் சொன்னது. நாம் நெடுநாள் கேட்டுவந்த தீர்ப்பு. மாணவர்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும்.

இப்போது அந்தத் தீர்ப்பை பிளாக்கின் கம்பிக் கதவுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அங்கே நிற்பவர் நம் தெருவிலிருந்து போன வார்டர். ஆதிக்க சாதியைச் சேர்ந்த ஒரு கைதியை "வரிசையில் நில்லுங்க" என்கிறார். "நீ யாருடா என்னை நிக்கச் சொல்ல?" என்று பதில் வருகிறது, கூடவே சாதிப் பெயரும் வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. நான்கு சுவருக்குள் நடந்தது பொதுமக்கள் பார்வையில் நடந்ததாகுமா என்று முதல் வாதம் வரும். சாட்சி யார்? சக காவலர். அவர் என்ன சாதி? இந்தக் கேள்வியிலேயே பாதிப் புகார்கள் எழுதப்படாமல் போகின்றன. விழுங்கிக்கொண்டு அடுத்த அறையைப் பூட்டப் போகிறார். அடுத்த அறையில் இருப்பது அவர் சொந்தச் சாதிப் பையன். "அண்ணே, நம்ம ஆளுதான நீங்க, ஒரு கட்டு பீடி..." கொடுத்தால் 17-பி மெமோ. கொடுக்காவிட்டால், அந்தப் பையனின் மாமா அடுத்த வாரம் ஊர்க் கோயில் கொடையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "காக்கி போட்டதும் நம்மள மறந்துட்டான்" என்று பேச்சு எழும். சக காவலர்களோ, இவன் அவர்களுக்குத் தகவல் கொண்டுபோகிறானோ என்று பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் சந்தேகம், நடுவில் ஒற்றை ஆள்.

இன்னொன்றையும் அவர் தினமும் பார்க்கிறார். மேலே சொன்ன 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். பட்டியல் சாதியினரின் பங்கு மக்கள்தொகையில் இருப்பதைவிடச் சிறையில் அதிகம். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பையனின் முகத்தில் தன் தம்பியின் முகம் தெரிகிறது. அந்தப் பையனைத்தான் மாலையில் எண்ணிப் பூட்ட வேண்டும். மரத்துப் போகாமல் இதை வருடக்கணக்கில் செய்ய ஒருவரால் முடியுமா?

சாவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018-ல் அமைத்த நீதியரசர் அமிதவ ராய் குழு, 2017 முதல் 2021 வரை நாட்டின் சிறைகளில் நேர்ந்த இயற்கைக்கு மாறான 817 மரணங்களில் 660 தற்கொலைகள் என்று கணக்குச் சொன்னது. ஒவ்வொன்றையும் முதலில் கண்டவர் யாரோ ஒருவர் இருப்பார். பெரும்பாலும் இரவுப் பாராவில் நின்ற கடைநிலைக் காவலர். தூக்கிக்கொண்டு ஓடுபவர் அவர். காவல் மரணம் என்பதால் நீதித்துறை நடுவர் விசாரணை வரும். அது வந்தே ஆக வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடுவர், துறை விசாரணை, மெமோ என்று எல்லோரும் "நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்கிறார்கள். "நீ எப்படி இருக்கிறாய்?" என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மாதிரிக் கையேட்டின்படி 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளரோ ஆற்றுப்படுத்துநரோ இருக்க வேண்டும். அந்தக் கணக்கு கைதிகளுக்கானது. அதுவே நாட்டில் முழுமையாக நிரப்பப்படவில்லை.

பெண் காவலர்களின் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஆறு வயது வரை பிள்ளைகள் தாயோடு சிறையில் இருக்கலாம் என்பது 2006-ம் ஆண்டின் உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல். தன் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண் காவலர், உள்ளே ஒரு கைதியின் குழந்தை அழும்போது தனக்குப் பால் கட்டி வலித்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "இதையெல்லாம் எழுதுவீங்களா சார்?" என்று சிரித்தார்.

மன அழுத்தம் இருந்ததால் கைதியை அடித்தேன் என்று யார் சொன்னாலும் நாம் ஏற்கப்போவதில்லை. சிறை அடி பெரும்பாலும் ஏழைக் கைதிமேல், கேட்க ஆளில்லாதவன்மேல்தான் விழுகிறது. அவன் நம் ஆளாகவும் இருப்பான். அடித்தவர்மேல் வழக்குப் போட வேண்டும், போடுவோம். ஆனால் மரத்துப்போன மனசோடு ஒருவரை நாள்தவறாமல் பூட்டுக்கு முன்னால் நிறுத்தும் நிர்வாகமும் அந்த அடியில் பங்காளி. மேலிருந்து அவமதிப்பு, பக்கத்திலிருந்து சந்தேகம், எதிரிலிருந்து வசவு என்று வாங்கியவர் அதையெல்லாம் எங்கே இறக்குவார்? தனக்குக் கீழே இருக்கும் ஒரே ஆளின்மேல். சாதி அடுக்கு வேலை செய்யும் விதமும் இதுதான் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தாக்குப்பிடித்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று விசாரித்தோம். யோகா வகுப்பு என்று யாரும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் பணி முடித்த ஒருவர், டூட்டி முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகமாட்டாராம். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் அரை மணி நேரம் வாலிபால், பிறகு குளியல், பிறகுதான் பிள்ளைகளைத் தொடுவது. காக்கிச் சட்டை வீட்டுக்குள் தொங்காது, பின்கட்டில்தான் தொங்கும். இன்னொருவர் வசவு வாங்கிய நாளில் தேதி, நேரம், சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். புகார் கொடுக்கிறாரோ இல்லையோ, எழுதி முடித்ததும் தூக்கம் வருகிறது என்கிறார். புகார் கொடுக்கும் நாள் வந்தால் அந்த நோட்டு பயன்படும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தவர் மூன்றாமவர். ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே போகாத கைதிகளின் பெயரைக் குறித்துச் சட்ட உதவி மையத்துக்குத் தகவல் போகிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாராம். ஜாமீன் கிடைத்து 7 நாளில் விடுதலை ஆகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காவலில் இருப்பவர்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். இவர் விதியை மீறவில்லை, பீடி கடத்தவில்லை. சட்டம் கொடுத்த ஒரு சிறு வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். "மாசத்துக்கு ஒருத்தன் இதனால வெளிய போனாலும், அன்னைக்குச் சோறு இறங்கும்" என்றார். என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நாம் கேள்விப்படவில்லை.

கேட்காமலே பலர் சொன்ன இன்னொரு மருந்து டாஸ்மாக். இரவு டூட்டி முடித்துத் தூக்கம் வராதவர் ஒரு குவார்ட்டரில் தொடங்குகிறார். தூக்கம் வருவதுபோல் தெரியும், மூன்று மணி நேரத்தில் விழிப்புத் தட்டிவிடும். பிறகு அளவு கூடும், விடுப்பு கூடும், மெமோ கூடும். வீட்டார் இதை ஒழுக்கக் கேடு என்று பார்த்துச் சண்டைக்கு நிற்பதைவிட, வேலையால் வந்த கோளாறு என்று பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது நல்லது. பகல் தூக்கத்துக்கு ஓர் இருட்டு அறையும், அந்த நேரத்தில் வாசலில் ஆள் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வதும் வீட்டாரால் முடிகிற உதவி.

ஆஸ்பத்திரி என்றதும் காவலர்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: "மனநல டாக்டர்கிட்ட போனது தெரிஞ்சா பைத்தியம்னு எழுதி அனுப்பிருவாங்க." அப்படி அனுப்ப முடியாது. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23-ம் பிரிவு, சிகிச்சைத் தகவலை இரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20-ம் பிரிவின்படி, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டாலும் அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதில் மன நோயால் வரும் ஊனமும் அடங்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருப்பார். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற இலவச எண் இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். 'வாழ்ந்து என்ன ஆகப்போகிறது' என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும், அது போகட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே அழைக்க வேண்டும்.

காவல்துறையில் பெங்களூரு நிம்ஹான்ஸ் உதவியோடு காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி நடந்தது. 2021-ல் காவலர்களுக்கு வார விடுப்பு அரசாணை வந்தது. அது எல்லா நிலையத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு பேச்சு; காகிதத்திலாவது இருக்கிறது. சுவருக்கு உள்ளே நிற்பவருக்கும் உறுதியான வார ஓய்வு, காலியிடங்களை நிரப்புவது, கண்காணிப்பாளரின் கீழ் வராத ஓர் ஆற்றுப்படுத்துநர், சாதி வசவுக்கு ஆளாகும் காவலர் தன் பிளாக்கைத் தாண்டிப் புகார் கொடுக்க ஒரு வழி ஆகியவற்றை மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் பாடத்தோடு சேர்த்து இவற்றையும் தெரிந்துகொண்டு போகட்டும். பணியில் சேர்ந்த பிறகு இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்காது.

மனுவில் வேறு என்ன சேர்க்கலாம் என்று ஓய்வுபெறப் போகும் ஒரு முதன்மைத் தலைமைக் காவலரிடம் கேட்டோம். வார விடுப்பைச் சொல்வார், சம்பளத்தைச் சொல்வார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒரு சாவு நடந்தா, அத முதல்ல பாத்தவன மறுநாள் ராத்திரி அதே பிளாக்ல போடக் கூடாதுன்னு எழுதுங்க" என்றார். பணியில் இருந்த காலத்தில் அப்படி எத்தனை முறை போட்டார்கள் என்று கேட்டதற்கு மூன்று விரலைக் காட்டினார். அரசாணையோ நிதி ஒதுக்கீடோ இதற்கு வேண்டாம். டூட்டி சார்ட்டில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினால் போதும்.